பெட்டிக்குள் பெட்டி – அதற்குள் அம்மாவின் பேச்சு



நான் எழுத்தாளன் அல்லன். பாலிடெக்னிக்கில் டிப்ளமோ படித்து, 1981இல் தென்னக இரயில்வேயின் சிக்னல் பிரிவில் சேர்ந்தவன். 2003இல் தென்மேற்கு இரயில்வே உருவானபோது நாங்கள் அதற்குள் வந்தோம். 2019இல் ஓய்வு பெற்றேன். இப்போது ரிச்சர்ட்ஸ் டவுனில், பூங்காவிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு மாடிப் போர்ஷனில் குடியிருக்கிறேன். ஈஸ்ட் ஸ்டேஷனைக் கடக்கும் வண்டியின் ஊதல் கேட்டால் இன்றும் கை தானாகக் கடிகாரத்தைப் பார்க்கும். அவ்வளவுதான் என் தகுதி.

இருந்தும் இந்தக் கட்டுரையை எழுதத் துணிந்ததற்குக் காரணம் உண்டு. நம்மில் பலர் வீட்டுப் பரணில் ஒரு பழைய பெட்டி இருக்கிறது. அதில் சில ஃப்ளாப்பிகள், கீறல் விழுந்த ஒன்றிரண்டு சி.டி.க்கள். 1990களிலும் 2000த்தின் தொடக்கத்திலும் ஆசை ஆசையாகக் கணிப்பொறி வாங்கித் தமிழில் தட்டச்சு செய்தோமே, அந்தக் கோப்புகள். அவற்றை இன்று திறக்க முடியவில்லை. என்னிடமும் அப்படி ஒரு பெட்டி வந்து சேர்ந்தது. அதைத் திறந்த கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

அண்ணி கொடுத்த பெட்டி

2024ஆம் ஆண்டு, பொங்கல் முடிந்த மறுவாரம். லிங்கராஜபுரத்தில் மகளோடு இருக்கும் என் அண்ணி ஒரு பிஸ்கட் டப்பாவை என் முன்னால் வைத்தார்.

"தம்பி, உங்க அண்ணன் போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆச்சு. இதைத் தூக்கிப் போடவும் மனசு வரல்லே. வெச்சுக்கிட்டு என்ன பண்றதுன்னும் தெரியல்லே. நீங்க பாருங்க."

உள்ளே ஏழு ஃப்ளாப்பி, மூன்று சி.டி., ஒரு மெல்லிய கையேடு. ஒரு சி.டி.யில் விண்டோஸ் 98. இன்னொன்றில் அண்ணன் அந்தக் காலத்தில் காசு கொடுத்து வாங்கிய தமிழ்ச் சொற்செயலி. மூன்றாவதில் அண்ணனின் அழகான கையெழுத்தில், ‘அம்மா சொன்னது – 1999 முதல் 2001 வரை’.

எனக்கு ஒரு நிமிடம் பேச்சு வரவில்லை. எங்கள் அம்மா ஆம்பூர்ப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர். அப்பாவுக்கு இரயில்வே கேங்கில் வேலை கிடைத்ததும் அவரோடு பெங்களூர் வந்தவர். பள்ளிக்கூடம் போனதில்லை. சாயங்காலம் அரிசி பொறுக்கிக்கொண்டே பழைய கதைகளைச் சொல்லுவார். நாங்கள் காது கொடுத்ததில்லை. அண்ணன் மட்டும் 1999இல் கம்ப்யூட்டர் வாங்கியதும், ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவர் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்தார். 2002இல் அம்மா போனார். 2012இல் அண்ணனும் போனார். அண்ணனின் கம்ப்யூட்டர் அதற்கு முன்பே பழைய இரும்புக்குப் போயிருந்தது.

சதர் பத்ரப்ப ரோட்டில் யு.எஸ்.பி.யில் செருகும் ஃப்ளாப்பி கருவி ஒன்றை வாங்கி வந்தேன். ஏழில் நான்குதான் படித்தது. நல்ல வேளையாக அந்தச் சி.டி. உயிரோடு இருந்தது. கோப்புகளை என் மடிக்கணினிக்கு நகல் எடுத்துத் திறந்து பார்த்தேன். திரை முழுவதும் ஆங்கில எழுத்தும் குறியுமாக எறும்பு ஊர்ந்ததுபோல் ஒரு குப்பை. அண்ணனின் சொற்செயலியை நிறுவலாம் என்று போனால், ‘இந்தக் கணிப்பொறியில் இது ஓடாது’ என்று கதவைச் சாத்திவிட்டது.

தமிழ் ஏன் குப்பையாகத் தெரிகிறது?

கணிப்பொறி எழுத்தைச் சேமிப்பதில்லை, எண்ணைத்தான் சேமிக்கிறது. அந்த எண்ணுக்கு எந்த உருவம் என்பதை எழுத்துரு சொல்கிறது. அன்றைய முறையில் ஓர் எழுத்துருவில் 256 இடங்கள்தாம். அதில் ஆங்கிலத்துக்கும் குறிகளுக்கும் முதல் 128 போய்விடும். மீதி இடத்தில் நம் எழுத்துகளை ஒண்டுக்குடித்தனம் வைக்க வேண்டும். சிலர் ஆங்கில எழுத்தின் இடத்திலேயே தமிழைக் குடியேற்றினார்கள். இலங்கைத் தமிழர் பெரிதும் கையாண்ட ‘பாமினி’ எழுத்துருவில் ‘தமிழ்’ என்று அடித்த கோப்பை, அந்த எழுத்துரு இல்லாத கணிப்பொறியில் திறந்தால், ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும்தான் தெரியும்.

இதைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. அன்று நம்மவர்கள் உலகின் பல மூலைகளில் தனித்தனியே இருந்து, சொந்த உழைப்பில் தமிழைத் திரைக்குக் கொண்டுவந்தார்கள். கனடாவில் முனைவர் கு. சீனிவாசனின் ‘ஆதமி’, மலேசியாவில் முத்து நெடுமாறனின் ‘முரசு’, சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியின் ‘கணியன்’, சுவிட்சர்லாந்தில் முனைவர் கு. கல்யாணசுந்தரத்தின் ‘மயிலை’ எழுத்துரு என்று பெரிய வரிசை. ஆளுக்கொரு இட அமைப்பு இருந்ததால், ஒருவர் எழுதியது இன்னொருவருக்குத் தெரியவில்லை. இதைத் தீர்க்க இணையத்தில் கூடிய தமிழர்கள் ‘திஸ்கி’ என்ற பொது அமைப்பை உருவாக்கினார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்இணையம் 99 மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு ‘டாம்’, ‘டாப்’ என்ற இரண்டு அமைப்புகளை ஏற்றது. யூனிகோடு 1991லேயே தமிழுக்கு இடம் ஒதுக்கியிருந்தாலும், விண்டோஸ் 2000 வந்த பிறகுதான் அது சாதாரண வீட்டுக் கணிப்பொறிக்கு மெல்ல மெல்ல வந்தது. தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்றது 2010இல்.

ஆக, அண்ணன் உட்கார்ந்து அடித்த அந்த இரண்டு ஆண்டும் நட்டநடு ஆற்றில். அவருடைய சொற்செயலியோ தன் கோப்பைத் தனக்கே உரிய வடிவத்தில் சேமிக்கும். அதைப் படிக்க அதே மென்பொருள் வேண்டும். அது 16 பிட் காலத்து நிரல். இன்றைய 64 பிட் விண்டோஸ் அந்தக் காலத்து நிரலை ஏற்பதே இல்லை.

பெட்டிக்குள் பெட்டி

இங்கேதான் என் அண்ணனின் பேத்தி வருகிறாள். பொறியியல் கல்லூரி மாணவி. வீட்டில் தமிழ் பேசுவாள். ஆனால் பள்ளியில் ஆங்கிலம், கன்னடம், இந்தி என்று போய்விட்டதால் தமிழ் படிக்கத் தெரியாது. நம் வீடுகளில் இது புதிதல்ல.

"சின்னத் தாத்தா, பழைய கம்ப்யூட்டர் எதுக்கு? விர்ச்சுவல் மெஷின் போட்டுக்கலாம்" என்றாள்.

"அப்படின்னா என்னம்மா?"

அவள் சொன்ன விளக்கம் எனக்கு ஏறவில்லை. அவள் செய்து காட்டியதும் புரிந்துவிட்டது. ஏனென்றால் அதை நாங்கள் இரயில்வேயில் ஆண்டாண்டு காலமாகச் செய்துவருகிறோம்.

ஒரு ஸ்டேஷனில் புதிய சிக்னல் அமைப்பை நிறுவும்போது, முதல் நாளே வண்டியை விட்டுச் சோதிக்க முடியாது. ரிலே அறைக்குள் ஒரு போலிப் பலகை வைப்போம். அதில் ஒரு சுவிட்சைத் தட்டினால் ‘வண்டி வந்துவிட்டது’ என்று ரிலே நம்பும். இன்னொன்றைத் தட்டினால் ‘பாயின்ட் திரும்பிவிட்டது’ என்று நம்பும். வெளியே தண்டவாளம்கூடப் போட்டு முடித்திருக்க மாட்டார்கள். ஆனால் ரிலேக்கு அது தெரியாது. உண்மையான வண்டிக்கு என்ன செய்யுமோ அதையே செய்யும்.

விர்ச்சுவல் மெஷின், தமிழில் மெய்நிகர் கணிப்பொறி என்கிறார்கள், அதுவும் அந்தப் போலிப் பலகைதான். இன்றைய கணிப்பொறிக்குள் ஒரு மென்பொருள், ‘இதோ வன்தட்டு, இதோ திரை, இதோ ஃப்ளாப்பி’ என்று பாசாங்கு செய்கிறது. விண்டோஸ் 98 அதை நம்பி எழுந்து உட்காருகிறது. வெளியே உள்ள கணிப்பொறி வீட்டுக்காரர். உள்ளே ஓடுவது விருந்தாளி. ஐ.பி.எம். நிறுவனம் தன் பெரிய கணிப்பொறிகளில் 1972லேயே இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மேசைக் கணிப்பொறிக்கு 1999இல் வி.எம்.வேர் கொண்டுவந்தது. நாங்கள் பயன்படுத்தியது விர்ச்சுவல்பாக்ஸ். 2007இல் வெளிவந்தது, இலவசமாகக் கிடைக்கிறது.

விருந்தாளி எளிதில் உள்ளே வந்துவிடவில்லை. மூன்று நாள் ஆனது. புதிய செயலிகள் விண்டோஸ் 98க்கு ஒத்துக்கொள்வதில்லை. தொடங்கும்போதே தடுக்கி விழுந்தது. ஆர்வலர்கள் எழுதி வைத்திருக்கும் ஒரு திருத்தத்தைத் தேடிப் போட்ட பிறகே எழுந்தது. நான்காம் நாள் மாலை, அண்ணனின் சொற்செயலி திரையில் மலர்ந்தது. ‘அம்மா சொன்னது’ கோப்பைச் சொடுக்கினேன்.

கறுப்பு எழுத்தில் அம்மா பேசினார். நீல எழுத்தில் அண்ணன் கேள்வி கேட்டார். அம்மா பேச்சை நிறுத்திய இடங்களில் அண்ணன் ஒரு வரி முழுக்கப் புள்ளி வைத்திருந்தார். மொத்தம் 61 பக்கம். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேன்.

உள்ளே நின்று எடுப்பதா, வெளியே நின்று எடுப்பதா?

பார்த்தாயிற்று. இதை எல்லோருக்கும் எப்படிக் கொடுப்பது? முதல் வழி, திரையில் தெரிவதை அப்படியே படமாகப் பிடிப்பது. ஸ்கிரீன் ஷாட். நேர்த் தமிழில் ‘திரைப்படம்’ என்று சொன்னால் நான் சினிமா எடுக்கக் கிளம்பிவிட்டதாக நினைப்பீர்கள். ஆகவே திரைப்பிடிப்பு என்று வைத்துக்கொள்வோம்.

விசைப்பலகையில் ‘பிரிண்ட் ஸ்கிரீன்’ என்று ஒரு விசை இருக்கிறது. டாஸ் காலத்தில் அதை அழுத்தினால் திரையில் உள்ள எழுத்து நேரே அச்சுப்பொறிக்குப் போகும். விண்டோஸில் திரையின் படம் நினைவகத்தில் ஏறும். வரைபட நிரலில் ஒட்டிச் சேமிக்கலாம். ஆனால் பெட்டிக்குள் பெட்டி இருக்கும்போது, அந்த விசையை அழுத்தினால் யாருக்குப் போகிறது? வீட்டுக்காரருக்கா, விருந்தாளிக்கா?

விருந்தாளிக்குப் போனால் படம் பழைய விண்டோஸின் உள்ளேயே தங்கிவிடும். வெளியே எடுக்கத் தனி வழி தேட வேண்டும். புதிய இயங்குதளங்களுக்கு, உள்ளும் வெளியும் கோப்பைப் பரிமாற ஒரு துணை மென்பொருள் தருகிறார்கள். விண்டோஸ் 98க்கு அது கிடையாது.

வீட்டுக்காரருக்குப் போனால் படம் உடனே கைக்கு வரும். ஆனால் அதிலும் ஒரு சிக்கல். மடிக்கணினியின் திரை மிக நுணுக்கமானது. விருந்தாளியின் திரையோ வெறும் 640க்கு 480 புள்ளி. அதைப் பெரிதாக்கிக் காட்டும்போது எழுத்தின் ஓரங்கள் மழுங்கும். அந்த மழுங்கலையும் சேர்த்துத்தான் படம் பிடிக்கும்.

மூன்றாவது வழிதான் சரியானது. மெய்நிகர் கணிப்பொறி மென்பொருளிடமே, ‘உன் விருந்தாளி எந்தப் படத்தை வரைந்தானோ அதை அப்படியே கொடு’ என்று கேட்பது. விர்ச்சுவல்பாக்ஸில் ‘வியூ’ பட்டியலில் ‘டேக் ஸ்கிரீன்ஷாட்’ என்று இருக்கிறது. வலப்பக்கக் கன்ட்ரோல் விசையையும் ‘ஈ’ என்ற ஆங்கில எழுத்தையும் சேர்த்து அழுத்தினாலும் போதும். விருந்தாளி வரைந்த ஒவ்வொரு புள்ளியும், கூட்டாமல் குறைக்காமல் கிடைக்கும். விருந்தாளிக்குத் தன்னைப் படம் எடுத்தார்கள் என்றே தெரியாது.

இரயில்வே அன்பர்களுக்கு இது சட்டென்று விளங்கும். ஸ்டேஷன்களில் டேட்டா லாகர் என்று ஒரு கருவி வைக்கிறோம். எந்த ரிலே எத்தனை மணிக்கு எழுந்தது, எப்போது விழுந்தது என்று குறித்துக்கொண்டே இருக்கும். ஆனால் ஓடும் சர்க்யூட்டில் அது கை வைக்காது. ரிலேயில் உபரியாக இருக்கும் காண்டாக்டிலிருந்து மட்டும் செய்தி எடுக்கும். சாட்சி சொல்பவன் சம்பவத்தில் தலையிடக் கூடாது என்பதே தத்துவம்.

இன்னொரு எச்சரிக்கை. ஸ்னாப்ஷாட் என்று அதே மென்பொருளில் வேறொன்று உண்டு. அது படம் அன்று. முழுக் கணிப்பொறியின் அந்த நேரத்து நிலையைச் சேமிப்பது. ஏதாவது கெட்டுப்போனால் அந்த இடத்துக்கே திரும்பி வரலாம். வேலை தொடங்கும் முன் ஒன்று எடுத்து வைப்பது நல்லது. பெயர்க் குழப்பத்தில் நான் ஒருநாள் படம் எடுப்பதாக நினைத்து இருபது ஸ்னாப்ஷாட் எடுத்துப் பேத்தியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

புள்ளி போனால் பொருளே போகும்

முதல் பத்துப் படங்களை ‘ஜேபெக்’ வடிவத்தில் சேமித்தோம். அது இடத்தை மிச்சப்படுத்த, நுட்பமான பகுதிகளைத் தோராயமாக்கிவிடும். மனித முகத்துக்கும் மலைக்காட்சிக்கும் அது போதும். தமிழுக்குப் போதாது. 640க்கு 480 திரையில், மெய்யெழுத்தின் மேல் வைக்கும் புள்ளி ஓரிரு திரைப்புள்ளி அளவே இருக்கும். அது கரைந்தால் ‘கல்’ ‘கல’ ஆகும். ‘பல்’ ‘பல’ ஆகும். ஆங்கிலத்துக்கு இந்தக் கவலை குறைவு. நமக்கு ஒரு புள்ளியில் உயிர் இருக்கிறது.

ஆகவே, எதையும் இழக்காமல் சேமிக்கும் ‘பி.என்.ஜி.’ வடிவத்துக்கு மாறினோம். இரண்டு வரிசைப் படங்கள் எடுத்தோம். ஒன்று, அண்ணன் வைத்திருந்தபடியே, அதே எழுத்தளவில். இது சாட்சிக்கு. மற்றொன்று, கோப்பின் நகலில் எழுத்தைப் பெரிதாக்கி. இது படிப்பதற்கு. பேத்தி ஒரு சிறு கட்டளை எழுதி, நான் பக்கத்தைத் தள்ளத் தள்ளப் படங்கள் தாமாகவே எண் போட்டுக்கொண்டு சேரும்படி செய்தாள். ஒவ்வொரு படத்திலும் முந்திய படத்தின் கடைசி இரண்டு வரி மறுபடி வரவேண்டும் என்பது என் நிபந்தனை. இடையில் ஒரு வரி நழுவினால் பிறகு யாருக்கும் தெரியாதல்லவா?

ஒரு சொல்

படம் கிடைத்தது. ஆனால் படத்தில் ஒரு சொல்லைத் தேட முடியாது, திருத்த முடியாது, புத்தகமாக அச்சிடவும் சுலபமில்லை. எழுத்தாகவும் வேண்டும். விருந்தாளிக்குள் மொத்தத்தையும் நகலெடுத்து, வெறும் எழுத்துக் கோப்பாக ஒரு பாசாங்கு ஃப்ளாப்பியில் சேமித்து, அதை வெளியே திறந்து, யூனிகோடுக்கு மாற்றினோம். ஒரு நிமிட வேலை. 61 பக்கமும் தமிழில் வந்து நின்றது. படங்களுக்கு எதற்கு இத்தனை பாடுபட்டோம் என்றுகூடத் தோன்றியது.

படித்தால், ‘ல்லை’, ‘ருந்துச்சு’, ‘ப்போ’ என்று இருந்தது. சொல்லின் முதலில் வரும் ‘இ’ ஒன்றுகூட இல்லை!

காரணத்தைத் தேடிக் கண்டுபிடித்தோம். அண்ணனின் எழுத்துரு திஸ்கி அமைப்பில் இருந்தது. அதில் ‘இ’ என்ற எழுத்தின் இடம் 173. ஆங்கில முறையில் அதே 173ஆம் இடம், வரியின் முடிவில் சொல் உடைந்தால் மட்டும் தலைகாட்டும் ஓர் இணைப்புக்குறி. மற்ற நேரத்தில் அது கண்ணுக்குத் தெரியக் கூடாது என்பது விதி. வழியில் ஏதோ ஒரு நிரல் அதைக் குறி என்றே நினைத்து விழுங்கிவிட்டது. இந்தச் சங்கடம் அன்றே தெரிந்து, திஸ்கியின் பின்னாள் பதிப்பில் ‘இ’க்கு இன்னோர் இடமும் கொடுத்தார்கள். அண்ணன் கோப்பு அதற்கு முந்தியது.

இரண்டு வாரம் உட்கார்ந்து ஒவ்வொரு ‘இ’யாகத் திருப்பி வைத்தேன். ‘ல்லை’ என்று இருந்தால் ‘இல்லை’ என்று யாருக்கும் தெரியும். முடித்துவிட்டதாக நினைத்து, ‘இனி அச்சுக்குக் கொடுக்கலாம்’ என்றேன்.

"ஒரு தடவை படத்தோட வெச்சுப் பார்த்துடலாம், சின்னத் தாத்தா" என்றாள் பேத்தி.

"உனக்குத்தான் தமிழ் படிக்கத் தெரியாதே?"

"படிக்கத் தெரியாது. ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இருக்கான்னு பார்க்கத் தெரியுமே."

இடப்பக்கம் படம், வலப்பக்கம் எழுத்து. கோலம் ஒப்பிடுவதுபோல் உருவத்தை உருவத்தோடு வைத்துப் பார்த்துக்கொண்டே போனாள். நாலாம் நாள் கூப்பிட்டாள்.

"இங்க ஒரு எழுத்து ஜாஸ்தி இருக்கு. அங்க இல்லை."

பார்த்தேன். அம்மா தன் முதல் பிள்ளையைப் பற்றிச் சொல்லும் இடம். அண்ணனுக்கும் முன்னால் ஒரு பெண் பிறந்து இறந்தது என்பதே எனக்கு இந்தக் கோப்பைப் படித்துத்தான் தெரியும். நான் சரிபார்த்து முடித்த பக்கத்தில் இப்படி இருந்தது:

"மூத்தது பொண்ணு. பதினோரு நாள்தான் இருந்துச்சு. முகமெல்லாம் மறந்துபோச்சு. அந்தக் கண் மை மட்டும் ஞாபகம் இருக்கு."

படத்தில் இருந்தது: "அந்தக் கண் இமை மட்டும் ஞாபகம் இருக்கு."

குழந்தைக்கு மை இடுவது வழக்கம்தானே. படிக்கும்போது எனக்குத் துளிக்கூடச் சந்தேகம் வரவில்லை. சொல் சரியாக இருந்தது, பொருளும் பொருந்தியது. ஆனால் அம்மா சொன்னது அதுவன்று.

சிக்னல் வேலையில் எங்களுக்கு முதலில் சொல்லிக் கொடுக்கும் பாடம் இது. பழுது இரண்டு வகை. கம்பி அறுந்தால் சிக்னல் சிவப்பாகிறது, வண்டி நிற்கிறது, எல்லோரும் திட்டுகிறார்கள், ஆனால் ஆபத்தில்லை. இது பாதுகாப்பான பக்கம் விழும் பழுது. இன்னொன்று, உள்ளே தவறு இருக்க, வெளியே பச்சை எரிவது. அதுதான் ஆபத்தான பக்கம் விழும் பழுது. ‘ல்லை’ என்பது சிவப்பு விளக்கு. ‘கண் மை’ என்பது பொய்ப் பச்சை. பொய்ப் பச்சையை, தமிழ் தெரிந்த நான் கோட்டைவிட்டேன். தமிழ் படிக்கத் தெரியாத பெண், படத்தை வைத்துப் பிடித்தாள்.

அன்று சாயங்காலம் அண்ணியிடம் அந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டினேன். நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு சொன்னார்:

"எங்க பொண்ணு பொறந்தப்போ, அத்தை அவளை மடியில போட்டுக்கிட்டு, விரலால இமையைத் தடவிக்கிட்டே இருப்பாங்க தம்பி. தூங்குற பிள்ளையை ஏன் தொடுறாங்கன்னு எனக்குக் கோபமா வரும். இப்பத்தான் தெரியுது."

உலகம் என்ன செய்கிறது?

நாங்கள் செய்தது ஏதோ வீட்டு வேடிக்கை என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழக நூலகம், எழுத்தாளர் சல்மான் ருஷ்டியின் பழைய மக்கின்டாஷ் கணிப்பொறியை இதே முறையில் பாசாங்குக் கணிப்பொறியாக உயிர்ப்பித்து, 2010 முதல் ஆய்வாளர்களுக்குத் திறந்து காட்டியது. அவர் எழுதியதை மட்டுமல்லாமல், எந்தத் திரையில் எப்படி எழுதினார் என்பதையும் காணலாம். இணைய ஆவணக் காப்பகம் 2015இல் ஆயிரக்கணக்கான டாஸ் காலத்து விளையாட்டுகளை உலாவியிலேயே ஓடும்படி வைத்தது. அழியும் மென்பொருளை ஓடும் நிலையில் வைத்திருப்பது இன்று நூலகங்களின் கடமையாகக் கருதப்படுகிறது.

நம் தமிழ்க் கோப்புகளுக்கு எந்த நூலகம் வரும்? மதுரைத் திட்டம் போன்ற தன்னார்வ முயற்சிகள் 1998 முதல் இலக்கியங்களை மின்னுருவாக்கி வருகின்றன. ஆனால் உங்கள் வீட்டு அம்மா சொன்னதை, உங்கள் அப்பா எழுதிய கடிதத்தை, நீங்கள்தான் எடுக்க வேண்டும்.

வாசகர்கள் கவனத்துக்குச் சில குறிப்புகள்

1. முதலில் ஃப்ளாப்பியையும் சி.டி.யையும் இன்றே நகல் எடுத்துவிடுங்கள். என் ஏழு ஃப்ளாப்பியில் மூன்று போய்விட்டன. மற்றவை அடுத்த ஆண்டு இருக்கும் என்பதற்கு உறுதியில்லை.

2. பழைய மென்பொருளின் நிறுவல் சி.டி., கையேடு, அதில் ஒட்டியிருக்கும் எண் எதையும் எறியாதீர்கள். கோப்பு பூட்டு என்றால் அதுதான் சாவி. சில மென்பொருள்களுக்கு அச்சுப்பொறி செருகும் துளையில் மாட்டும் சிறு பூட்டும் இருந்தது. அதையும் தேடி வையுங்கள்.

3. மெய்நிகர் கணிப்பொறியில் நகலை மட்டும் திறங்கள். தொடங்கும் முன் ஒரு ஸ்னாப்ஷாட் எடுங்கள்.

4. திரைப்பிடிப்பை வெளியிலிருந்து, மென்பொருளின் வழியாகவே எடுங்கள். ‘பி.என்.ஜி.’யில் சேமியுங்கள். வரிசை எண்ணும், இரண்டு வரி மேல்மடிப்பும் அவசியம்.

5. படம் மட்டும் போதும் என்று நிறுத்தாதீர்கள். எழுத்து மட்டும் போதும் என்றும் படத்தை அழிக்காதீர்கள். எழுத்து பயன்படுவதற்கு, படம் சாட்சிக்கு. இரண்டையும் ஒருவர் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும்.

6. ஒப்பிடும் வேலைக்கு வீட்டுப் பிள்ளையைக் கூப்பிடுங்கள்.

ஆறாவது குறிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. நம் பிள்ளைகளுக்குத் தமிழ் படிக்கத் தெரியவில்லையே என்று சங்கக் கூட்டங்களில் நாம் வருந்தாத நாளில்லை. நானும் வருந்தியவன்தான், திட்டியும் இருக்கிறேன். இந்த ஒரு மாத வேலையில் எனக்குக் கணிப்பொறி தெரியவில்லை. அவளுக்கு எழுத்து தெரியவில்லை. ஒருவர் இல்லாமல் மற்றவரால் ஒரு பக்கம்கூட நகர்த்தியிருக்க முடியாது. ‘இது என்ன எழுத்து?’ என்று அவள் கேட்காமல் இருந்ததில்லை; ஒவ்வொரு தடவையும் நான் சொல்லாமலும் இருந்ததில்லை.

‘அம்மா சொன்னது’ இப்போது எங்கள் குடும்பத்தில் பதினெட்டுப் பேரிடம் புத்தகமாக இருக்கிறது. அண்ணனின் நீலக் கேள்விகளை நீலத்திலேயே அச்சிட்டோம். அம்மா மௌனமான இடங்களில் புள்ளிகளையும் விட்டுவைத்தோம். எங்கே எந்த நிறம், எங்கே எத்தனை புள்ளி என்பதைப் படங்கள்தான் சொல்லின. வெறும் எழுத்துக் கோப்பில் யார் பேசினார், எங்கே நிறுத்தினார் என்பதெல்லாம் கலந்துபோயிருந்தது.

சென்ற ஞாயிற்றுக்கிழமை பேத்தி வந்திருந்தாள். புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு, முதல் பக்கத்தை விரல் வைத்து, எழுத்துக் கூட்டி வாசித்தாள். ஒரு வரிக்கு ஒரு நிமிடம் ஆனது. நான் குறுக்கே பேசவில்லை. கொள்ளுப்பாட்டி தன் ஊரின் கிணற்றைப் பற்றிச் சொல்லும் வரி அது. ‘இ’ வரும் இடத்தில் மட்டும் தயங்காமல் வாசித்தாள். அந்த எழுத்து அவளுக்கு நன்றாகத் தெரியும்.

பரணில் ஏறிப் பாருங்கள் அன்பர்களே.